ஒரு தொடர் பிறந்த இடம்: செட்டிநாட்டிலிருந்து தேடத் தொடங்குவோருக்கு

காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் புகழ்பெற்ற தொடர்கள் நான்கைந்தாவது காதில் விழும். வீட்டின் நடுமுற்றமான வளவில் பந்தி ஏற்பாட்டைக் கவனிப்பவர், உதவிக்கு வந்த இளைஞரைப் பார்த்து, "நீ செய்யுறது பூராவும் தேவையில்லாத ஆணி" என்பார். திண்ணை போன்ற பட்டாலையில் அமர்ந்திருக்கும் பெரியவர், வாங்கிய பணத்தைத் திருப்ப முடியாமல் தவிக்கும் ஒருவரைப் பற்றிப் பேசுகையில், "கடன்பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்" என்று பாட்டாகவே சொல்வார். சாப்பாட்டுக் கூட்டத்தில் இடம் கிடைக்காத கல்லூரி மாணவர் "என்ன கொடுமை சார் இது" என்று அலுத்துக்கொள்வார். மணமக்களை வாழ்த்தவரும் பேச்சாளர், சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களைப் பார்த்தவுடன் "யாதும் ஊரே" என்று தொடங்குவார். இவற்றை முதலில் சொன்னவர் யார் என்று கேட்டால், எல்லோரும் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் சரிதானா என்று பார்க்கும் வேலையைத்தான் நான் முப்பது ஆண்டுகளாக ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு செய்து வருகிறேன். அந்த வேலையை நீங்களும் தொடங்க விரும்பினால் எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்வடிவம்

தேடலின் முதல் படி, தொடரைக் கேட்டபடியே எழுதிக்கொள்வது. பேச்சில் வந்ததைப் பேச்சாகவே எழுதுங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம். அதன் பிறகு, அதே தொடரை வேறு இருவர் மூவர் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர் சொன்ன "என்ன கொடுமை சார் இது" என்பதையே எடுத்துக்கொள்வோம். 2005இல் வெளிவந்த 'சந்திரமுகி' படத்தில் பிரபு இதைச் சொன்னார் என்பதுதான் பலருடைய நினைவு. படத்தைப் போட்டுப் பார்த்தால் அவர் சொல்வது "என்ன கொடுமை சரவணன் இது" என்பதாகும். சரவணன் என்பது ரஜினிகாந்த் ஏற்ற பாத்திரத்தின் பெயர். 'சார்' என்று மாறிய வடிவத்தை ஊரெங்கும் பரப்பியது, 2007இல் வந்த 'சென்னை 600028' படத்தில் அதை நகைச்சுவையாகச் சொன்ன பிரேம்ஜி. ஒரே ஒரு சொல் மாறியதைக் கவனித்ததால்தான் தொடரின் பிறப்பிடத்தோடு, அது கைமாறிய இடமும் நமக்குத் தெரிகிறது. 'சரவணன்' என்ற பெயர் இருக்கும்வரை அந்த வசனம் அந்தக் கதைக்குள்ளேயே கட்டுண்டு கிடந்தது. பெயர் போய் 'சார்' வந்தவுடன் யாரும் யாரிடமும் சொல்லத்தக்கதாகிவிட்டது. புகழ்பெற்ற தொடர்கள் பலவற்றில் இந்த உதிர்வு நடந்திருக்கும். ஆகவே மூலத்தைத் தேடும்போது, இன்றைய வடிவத்தில் இல்லாத ஒரு பெயரோ விளியோ பழைய வடிவத்தில் இருக்கலாம் என்று எதிர்பார்த்தே தேட வேண்டும்.

சொன்னவரும் பரப்பியவரும்

ஒவ்வொரு தொடருக்கும் இரண்டு பிறப்பு உண்டு என்று வைத்துக்கொண்டு, குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போடுங்கள்: ஒன்று முதலில் சொன்னவருக்கு, மற்றொன்று பலர் வாயில் போட்டவருக்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பாதித் தகராறுகள் வருகின்றன.

ஆணியைப் பற்றிய தொடர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு முறை, பழைய வீடொன்றைப் பிரித்துத் தேக்கு உத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்த இளைய ஆசாரி ஒருவர், 'தேவையில்லாத ஆணி' என்பது தம் தொழிலில் தாத்தா காலத்திலிருந்து வழங்கும் பேச்சு என்று உறுதியாகச் சொன்னார். அவருடைய தகப்பனாரோ, அப்படி ஒரு பேச்சைத் தாம் சிறுவயதில் கேட்டதில்லை என்றார். தொடர் 2001இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில், நேசமணி என்னும் ஒப்பந்தக்காரராக வடிவேலு பேசியது. மலையாளத்தில் 1999இல் அதே பெயரில் வந்த படத்தை, அதே இயக்குநர் சித்திக் தமிழில் எடுத்திருந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாத இறுதியில், சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று முகநூலில் யாரோ கேட்க, இதுதான் நேசமணியின் தலையில் விழுந்தது என்று ஒரு தமிழர் பதில் எழுத, 'நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோள் உலகம் முழுவதும் பரவியது. அந்த வாரத்தில் படத்தின் வசனங்கள் எல்லாம் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன; படம் வந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் ஆணியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆகவே முதற்பத்தியில் 2001, இரண்டாம் பத்தியில் 2019 என்று எழுதுவதே சரி. நாளும் காதில் விழும் பேச்சு பழமையானதாகத்தான் இருக்கும் என்று நம் மனம் எண்ணிக்கொள்ளும். அந்த எண்ணத்தைச் சான்றாக ஏற்காதீர்கள்.

'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்பதற்கு இரண்டு பிறப்புக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள். பாடியவர் கணியன் பூங்குன்றனார். புறநானூற்றில் 192ஆம் பாட்டு. திருப்பத்தூருக்கு அருகிலுள்ள நம் மகிபாலன்பட்டியே பூங்குன்றம் என்று கருதப்படுவதால், இந்தத் தொடரைச் செட்டிநாட்டார் சொந்த ஊர்ப் பிள்ளையாகவே எண்ணுவது இயல்பு. புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டிராவிட்டால் அது ஏட்டுக்குள்ளேயே கிடந்திருக்கும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பரப்பியவர் பத்தியின் முதல் வரி அவருக்கே உரியது. அப்துல் கலாம் 2007இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அதைச் சொன்னது அதே பத்தியில் பின்னால் வரும். 'ஒன்றே குலம், ஒருவனே தேவன்' என்பதும் இத்தகையதே. அண்ணாவின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டது. மூலம் திருமூலரின் திருமந்திரம், 'ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்' என்று உம்மைகளோடு. உம்மைகள் உதிர்ந்ததால் அது மேடைக்கும் சுவருக்கும் ஏற்ற முழக்கமானது.

பின்னோக்கி நடப்பது

நடிகர்களின் முத்திரை வசனங்கள் எளியவை. 'இது எப்படி இருக்கு' என்றால் 1977, '16 வயதினிலே'. 'நான் ஒரு தடவை சொன்னா' என்று தொடங்கினால் 1995, 'பாட்ஷா'. 'அந்த இன்னொண்ணுதான் இது' என்று வாழைப்பழத்தைக் காட்டினால் 1989, 'கரகாட்டக்காரன்'. படத்தைப் பார்த்து, காட்சியைக் குறித்து, அடுத்ததற்குப் போய்விடலாம். மறுபதிப்பாக வந்த படமானால் பிறமொழி மூலத்தையும் ஒரு முறை பாருங்கள். வசனம் அங்கிருந்தே வந்திருக்கக்கூடும்.

கடினமானவை, படத்தில் கேட்டதாலேயே படத்தில் பிறந்தவை என்று தோன்றும் தொடர்கள். 'நெற்றிக்கண்ணைத் திறப்பினும் குற்றம் குற்றமே' என்றதும் 1965ஆம் ஆண்டின் 'திருவிளையாடல்' படம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தின் வசனத்தை ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு வேறு நினைவு வரவும் செய்யாது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைத் திறந்தால், 'மொழிந்த நும் பாடல் குற்றம் குற்றமே' என்று நக்கீரர் அங்கேயே சொல்லிவிடுகிறார். நெற்றிக்கண்ணும் அதே பாட்டில் வருகிறது. இன்று நாம் சொல்லும் ஒற்றை வரி, அந்தப் பாட்டைச் சுருக்கிப் பேச்சுக்கு வாகாகக் கட்டியது.

இந்த மண்ணோடு நெருங்கிய இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு. சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்த கண்ணதாசன் 1962இல் எழுதிய 'வீடு வரை உறவு' என்ற பாட்டின் பல்லவியைத் துக்க வீடுகளில் இன்றும் மேற்கோளாகச் சொல்கிறார்கள். அதன் சட்டகம் பட்டினத்தாருடையது: வாழ்வும் பொருளும் அகத்து மட்டே, மாதர் வீதி மட்டே, மைந்தர் சுடுகாடு மட்டே என்று படிப்படியாக உறவுகள் நின்றுவிடுவதை அவர் பாடியிருக்கிறார். இறுதிவரை தொடர்வது இருவினைப் புண்ணிய பாவமே என்று முடித்த இடத்தில், கண்ணதாசன் 'யாரோ' என்று ஒரு கேள்வியை வைத்தார். மூலம் கிடைத்துவிட்டதால் கவிஞரின் பெருமை குறையாது; அவர் மாற்றியது எது என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடிவதால் அந்தப் பெருமை கூடவே செய்கிறது. ஆகவே, 'இது அங்கிருந்து எடுத்தது' என்பதோடு குறிப்பை நிறுத்திவிடாமல், எடுத்தபோது என்ன மாறியது என்பதையும் எழுதுங்கள்.

மற்றொன்று 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்'. ஆகஸ்ட் 15 விழாவில் கொடியேற்றிய பிறகு இதைப் பாடாத பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் குறைவு. சுதந்திரம் கிடைத்த மகிழ்ச்சியில் 1947இல் எழுதப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். இதை எழுதிய பாரதியார் 1921இலேயே மறைந்துவிட்டார். காரைக்குடியில் பிறந்த ஏவி. மெய்யப்பன், தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்திருந்த ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் குரலில் அது ஒலித்தது. அந்தப் படமும் 1947 ஜனவரியில், அதாவது விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே வெளிவந்துவிட்டது. 'அடைந்துவிட்டோம்' என்று கவிஞர் இறந்தகாலத்தில் பாடியது, வரப்போவதை வந்துவிட்டதாகவே கண்ட உறுதியால். ஒருவர் மறைந்த ஆண்டையும் ஒரு படம் வந்த மாதத்தையும் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும், இத்தகைய பிழைகள் தாமாகவே விலகிவிடும்.

காலத்தை வரையறுக்க உறுதியான சில எல்லைக் கற்களும் உண்டு. தமிழில் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் அச்சில் இருக்கும் எந்தத் தொடரும் திரை வசனத்தில் பிறந்திருக்க முடியாது. பழமொழியாகத் தோன்றினால், பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைத் தொகுத்து 1874இல் வெளியிட்ட நூலையும், ஜென்சன் 1897இல் வெளியிட்ட தொகுப்பையும் பாருங்கள். அவற்றில் இருந்தால், குறைந்தது அந்த ஆண்டுக்கு முற்பட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். நீதிநூல் வரியாகத் தோன்றினால் இன்னும் எளிது. 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்பதை, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன நகரத்தாருக்காகவே சொன்னது போல நம் பக்கத்தில் பேசுவதுண்டு. அது ஔவையாரின் கொன்றை வேந்தன். அந்நூலின் வரிகள் அகரவரிசையில் அமைந்திருப்பதால், தகர வரிசைக்குப் போய், 'தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை' என்பதற்கும் 'தாயிற் சிறந்த ஒரு கோயிலும் இல்லை' என்பதற்கும் அடுத்துப் பார்த்தால் கண்ணில் பட்டுவிடும்.

கம்பன் சொன்னதா?

கடன்பட்டார் நெஞ்சத்துக்கு வருகிறேன். இளமையில் ஒரு மணிவிழா மலருக்குக் கட்டுரை எழுதியபோது, 'கம்பன் சொன்னதுபோல்' என்று தொடங்கி இந்த வரியை எழுதிவிட்டேன். மலரைப் படித்த முதியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பி, கடிந்துகொள்ளாமல், "எந்தக் காண்டம், எந்தப் படலம், தம்பி?" என்று மட்டும் கேட்டார். இராவணன் கலங்கியது என்றால் யுத்த காண்டமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, மூன்று மாதம் பாட்டுப் பாட்டாகப் படித்தேன். கிடைக்கவில்லை. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கி ஆண்டுதோறும் விழா எடுத்த ஊரில், நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதியில் மண் எடுத்துப் பிள்ளைகளின் நாவில் வைக்கும் நாட்டில் இருந்துகொண்டு, கம்பன் பாடாததைக் கம்பன் பேரில் எழுதிவிட்டேனே என்ற வருத்தம் எனக்கு நெடுநாள் இருந்தது. இந்தத் தேடல் முறை முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

வரி கிடைத்தது சீர்காழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனையில். 1711 முதல் 1779 வரை வாழ்ந்தவர் அவர். 'யாரோ இவர் யாரோ' என்று கச்சேரிகளில் நாம் கேட்பது அவருடையதே. அவர் எழுதிய வடிவம் 'கடன்கொண்டார் நெஞ்சம் போலும் கலங்கினான் இலங்கை வேந்தன்' என்பது. விடங்கொண்ட மீன், தழலில் இட்ட மெழுகு, பாம்பின் வாய்த் தேரை என்று உவமைகளை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் கடனாளியிடம் வந்து நிற்கிறார். பேச்சில் 'கொண்டார்' என்பது 'பட்டார்' ஆனது. கடன் கொள்வதைவிடக் கடன் படுவதில் துன்பம் தெரிகிறது என்பதால் இந்த மாற்றம் நடந்திருக்கும் என்பது என் கருத்து. வட்டித் தொழிலை நன்கு அறிந்த ஊர்களில் அந்த வேறுபாட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரிய பெயர்கள் காந்தம் போன்றவை. இராமன் கதையில் நல்ல வரி எது இருந்தாலும் கம்பனிடமும், அறவுரை எது இருந்தாலும் ஔவையிடமும், தத்துவம் கலந்த பாட்டு எது இருந்தாலும் கண்ணதாசனிடமும் போய் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, பெரிய பெயர் ஒன்று சொல்லப்பட்டால், அந்த முதியவர் கேட்டபடியே கேளுங்கள்: எந்த நூல், எந்தப் பகுதி, எத்தனையாவது பாட்டு. இன்று மூன்று மாதம் படிக்க வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகமும் மதுரைத் திட்டமும் பழைய நூல்களை இணையத்தில் எழுத்து வடிவில் வைத்திருக்கின்றன. தேடும்போது முழு வரியையும் கொடுக்காதீர்கள். பதிப்புக்குப் பதிப்பு சந்தி பிரிப்பும் சீர் பிரிப்பும் மாறுவதால் முழு வரி பெரும்பாலும் அகப்படாது. 'கலங்கின', 'நெஞ்சம்' என்பன போல, சந்தியால் உருமாறாத சிறு துண்டுகளைக் கொடுத்துத் தேடுங்கள். அச்சு நூலின் பாட்டு முதற்குறிப்பு அகராதியை நம்பியும் இருக்க முடியாது. மக்கள் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் கடைசி அடியாகவே இருக்கும்.

தேடும் இடங்களும் கேட்கும் முறையும்

கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பழைய நூல்களோடு இதழ்கள், துண்டு விளம்பரங்கள், நாடக அறிவிப்புகள் போன்று மற்றவர்கள் தூக்கி எறிந்தவற்றையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். அந்தச் சேகரமே 1994இலிருந்து சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. வழக்குத் தொடரைத் தேடுபவருக்குப் பெரிய காவியங்களைவிட இத்தகைய சில்லறைத் தாள்களே அதிகம் உதவும், ஏனென்றால் தொடர்கள் வாழ்வது அங்கேதான். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. வட்டாரச் சொல்லாக இருந்தால், 1924க்கும் 1936க்கும் இடையே ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் வழக்கு என்று தனிக்குறியிட்டே பல சொற்களை அது தருகிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. நகரத்தாரிடையே 'புள்ளி' என்பது திருமணமாகிக் கோயில் கணக்கில் சேர்ந்த குடும்பத்தைக் குறிக்கும். 'பெரும்புள்ளி' என்று தமிழ்நாடு முழுவதும் செல்வாக்குள்ளவரைச் சொல்கிறோம். இரண்டையும் இணைத்து ஒரு கதை கட்ட ஆசை வரும், எனக்கும் வந்தது. ஒலி ஒத்திருப்பது உறவாகாது. இடைக்காலத்தில் ஒன்று மற்றொன்றாக மாறியதைக் காட்டும் எழுத்து கையில் கிடைக்கும்வரை, இரண்டையும் இரண்டு பக்கங்களில் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

பெரியவர்களைக் கேட்பது தனிக் கலை. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் அவர்கள் விடை சொல்லியாக வேண்டும் என்ற அன்பில் ஒரு விடையை உண்டாக்கித் தருவார்கள். அதற்குப் பதிலாக, "ஆச்சி, இதை முதல்ல யாரு வாயில கேட்டீக? அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேளுங்கள். ஆண்டு நினைவிராது, ஆனால் டூரிங் கொட்டகையிலா, பள்ளிக்கூடத்திலா, மூத்த மகள் பிறந்த பிறகா என்பது நினைவிருக்கும். 1942இல் பர்மாவை விட்டு வந்ததற்கு முன்னா பின்னா என்பது பல வீடுகளில் தலைமுறை தாண்டியும் நினைவில் நிற்கும் அடையாளம். திருவிழாக்களில் வசன ஒலிநாடா போட்ட மைக்செட்காரர்களையும் மறவாதீர்கள்; எந்த வசனத்துக்குக் கூட்டம் திரும்பப் போடச் சொல்லும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை.

எழுதி வைப்பது

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் குறிப்பேட்டிலிருந்தே ஒன்றைத் தருகிறேன். தொடர்: 'கம்முனு கெட'. இன்றைய பொருள்: பேசாமல் இரு, செல்லமாகவும் அதட்டலாகவும் வரும். பரப்பியவர்: மனோரமா, 1986, 'சம்சாரம் அது மின்சாரம்', ஏவி.எம். தயாரிப்பு. முதலில் சொன்னவர்: தனியொருவர் இல்லை; 'கம்முன்னு இரு' என்பது பொதுப் பேச்சு, படம் அதற்கு ஒரு குரலையும் ஏற்ற இறக்கத்தையும் கொடுத்தது. குறிப்பு: மனோரமா நம் பள்ளத்தூரில் வளர்ந்தவர், நாடக நாட்களில் 'பள்ளத்தூர் பாப்பா' என்று அறியப்பட்டவர், 'ஆச்சி' என்று தமிழ்நாடு அவரை அழைத்தது இந்த நாட்டின் மரியாதைச் சொல்லால். கேட்ட இடம், சொன்னவர் வயது, நாள் ஆகியவை இறுதியில்.

பரப்பியவர் பத்தி நிரம்பி, முதலில் சொன்னவர் பத்தி வெறுமையாக இருக்கும் பதிவுகள் பல சேரும். வெற்றிடத்தை ஊகத்தால் நிரப்பாமல், பாதிப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பின்னர் ஒருவர் இன்னும் பழைய சான்று ஒன்றைக் கொண்டுவந்தால், முன்பு எழுதியதைச் சுரண்டி அழிக்காமல், பேரேட்டில் பிழைத் தொகையைத் திருத்துவது போல, படிக்கும்படியாக ஒற்றைக் கோடு இழுத்து, மேலே புதிய ஆண்டையும் சான்று கொண்டுவந்தவர் பெயரையும் எழுதுங்கள். என் குறிப்பேட்டில் 'கம்பன்' என்ற சொல்லின் மீது அப்படி ஒரு கோடு இன்றும் இருக்கிறது.